சேத மதிப்பீடு

மெண்டோசாவில் ஆலங்கட்டி
நாலு நிமிஷம்தான் பெய்யும்.
அதை நாலு மாதம் நான் படமெடுப்பேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் என் பெயர்
மதிப்பீட்டாளர் நெலிதா ஒசான்.
கார் கூரையின் குழிகளைச் சாக்கட்டியால் வட்டமிடு,
பக்கத்தில் வெள்ளை அளவுகோல் வை,
வெயிலை முதுகில் வாங்கு, அமுக்கு.
வெடித்த திராட்சை, பொத்தல் விழுந்த தகரம்,
பனிக்கட்டி தேங்கி
வயிறு தள்ளித் தொங்கும் கறுப்பு வலை.
இதையெல்லாம் புகைப்படம் என்று சொன்னதில்லை.
ஆதாரம் என்போம்.

புகைப்படம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது.
இருட்டோடு பொத்ரெரியோஸ் அணைக்குப் போய்
சிகரம் சிவக்கும்வரை
மாத்தே குடுவையை உறிஞ்சிக்கொண்டு நிற்பது.
ஒரு விடியலில்
முக்காலியை ஊன்றக் குனிந்தேன்.
மண்ணில் ஏற்கெனவே மூன்று துளைகள்.
எனக்கு முன்னால் யாரோ,
அவருக்கும் முன்னால் யாரோ.
என் முக்காலியின் கால்கள்
கச்சிதமாகப் பொருந்தின.
வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசை.
இல்லை, சௌகரியமாக இருந்தது.
அந்தப் படத்துக்குக் கழகத்தில் மூன்றாம் பரிசு,
ஒரு தோல் பை.
இப்போது வெங்காயம் வாங்க எடுத்துப்போகிறேன்.

செப்டம்பரில்
கணினியில் இடமில்லை என்று அலுவலகம் கத்தியது.
பதினோரு வருஷம், நாற்பதாயிரம் சேதங்கள்.
அழிக்க உட்கார்ந்தேன்.
முதல் நூறில் தெரியவில்லை.
அப்புறம் பார்த்தேன்: விரல்.
படத்தின் ஓரத்தில்
யாருடைய விரலாவது நுழைந்துகொண்டே இருந்தது,
இதோ, இங்கே பாருங்க என்று.
நகம் கடித்த விரல்,
மோதிரம் இறுகிய விரல்,
ரொட்டிமாவு காய்ந்த விரல்.
லுஹானில் ஒரு லாரிக்காரரின் பாதி விரல்.
மீதி எங்கே என்று கேட்காமல்
கண்ணாடியின் விரிசலைத்தான் அளந்திருக்கிறேன்.

அடுத்த மேஜை ஃபாப்ரீசியோவின் படங்களைத் திறந்தேன்.
அதே புயல், அதே தெரு,
ஒன்றிரண்டு அதே கார்கூட.
ஒரு விரல் இல்லை.
"தள்ளி நில்லுங்கன்னு சொல்வேன்" என்றான்,
"நீ சொல்ல மாட்டியா?"

சொன்னதில்லை.
ஏன் என்று எனக்கே தெரியாது.

தெரிந்துகொண்டது வினையாயிற்று.
நவம்பர் மழைக்குப் பிறகு ஒருவரிடம்
"கையால் காட்டுங்கள்" என்றேன்.
காட்டினார்.
கடைப்பலகை அம்புபோல விறைத்து நின்றது விரல்.
"இன்னும் கொஞ்சம் தளர்வாக..."
மனுஷன் நசுங்கிய காரை விட்டுவிட்டு
என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.
அழித்துவிட்டேன்.
அதே மூன்று துளைகள்தான்,
இந்த முறை என் சொந்த முக்காலி போட்டவை.

அக்ரெலோவில் பிப்ரவரி.
அறுவடைக்கு ஒன்பது நாள் இருந்தது.
தெல்மீரா அபால்யாய், எட்டு ஹெக்டேர், தனி ஆள்.
வரிசை நெடுகத் தரையில் பழம்.
செருப்படியில் இனிப்பு ஒட்டிக் கிழிகிற சத்தம்,
அதற்குள் குளவிகள் வந்தாயிற்று.
அளவுகோலை எடுத்தேன்.
எங்கே வைப்பது?

அவள் எதையும் காட்டவில்லை.
இரண்டு கையும் மேலங்கியின் பைக்குள்.
காத்திருந்தேன்.
எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான் போல.
வலையில் மிஞ்சிய பனி சொட்டிக்கொண்டிருந்தது.
பைத்துணிக்கு உள்ளே
விரல்கள் மடங்கின, விரிந்தன,
மறுபடி மடங்கி
ஒரு திரட்சியாக நின்றன.

அமுக்கினேன்.

சாயங்காலம் மேலாளர் தொலைபேசியில் வந்தார்.
"இதில் சேதம் எங்கே?"
எங்கே தொடங்குவது என்று யோசித்தேன்.
"அளவுகோலும் இல்லையே, நெலிதா."
இல்லைதான்.
நாளைக்கு மறுபடி போய் எடுத்து வரச் சொன்னார்.

போகத்தான் வேண்டும்.
முப்பது சென்டிமீட்டரும்
அவள் வேலிக்கல்லின் மேல் கிடக்கிறது.